ஆறாம் வகுப்புக்கு எந்த வழி? கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கு நான்கு ஏற்பாடுகள், ஓர் ஒப்பீடு

தொடக்கப் பள்ளியில் ஒரே வகுப்பாசிரியை. பிள்ளைக்கு வாசிப்பு தடுமாறும் என்று அவருக்குத் தெரியும். பலகையில் எழுதியதைப் பிள்ளை எழுதி முடிக்கும்வரை அழிக்க மாட்டார், வினாத்தாளை ஒருமுறை வாசித்துக் காட்டுவார். எதுவும் காகிதத்தில் இருக்காது, ஆனால் எல்லாம் நடக்கும். ஆறாம் வகுப்பில் அந்த ஒருவர் ஆறு ஏழு பேராகிறார். ஒவ்வொருவரும் ஒரு பாடவேளை மட்டும் வந்து போகிறவர்கள். நாலைந்து பிரிவுகளுக்குப் பாடம் எடுப்பதால் பெயர்கள் மனதில் பதியவே ஒரு மாதம் ஆகும்.

அதே நேரத்தில் படிப்பின் தன்மையும் மாறுகிறது. அதுவரை வாசிக்கக் கற்றார்கள். இனி வாசித்துத்தான் மற்றதைக் கற்க வேண்டும். நல்ல நினைவாற்றலை வைத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்புவரை சமாளித்த பிள்ளைகள் சிலர் முதன்முதலாகச் சறுக்குவதும் இங்கேதான்.

இந்தக் கட்டத்தில் பெற்றோர் முன்னால் பெரும்பாலும் நான்கு வழிகள் இருக்கும். பொது வகுப்பிலேயே சலுகைகளோடு படிப்பது ஒன்று. பொது வகுப்போடு சிறப்பு ஆசிரியரிடம் தனி நேரம் பெறுவது இன்னொன்று. கற்றல் குறைபாட்டுக்கென்றே நடக்கும் தனிப் பள்ளி மூன்றாவது, சில காலம் வீட்டுக் கல்வி நான்காவது. இங்கே கற்றல் குறைபாடு என்பது டிஸ்லெக்சியா (வாசிப்பில் தடை), டிஸ்கிராஃபியா (எழுதுவதில் தடை), டிஸ்கால்குலியா (கணக்கில் தடை) ஆகியவற்றைக் குறிக்கிறது. அறிவுத்திறன் குறைபாடு வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் பேசும் பள்ளியிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

சலுகை வேறு, பயிற்சி வேறு

தவறான தேர்வுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் தொடங்குகின்றன. கூடுதல் நேரம், வினாத்தாளை வாசித்துக் காட்டுதல், சொல்வதை எழுத ஆள், அச்சிட்ட குறிப்புகள் ஆகியவை சலுகைகள். இன்றைய அறிவியல் பாடம் இன்றே பிள்ளைக்குப் போய்ச் சேர அவை உதவும். ஆனால் ஆண்டு முழுக்கக் கூடுதல் நேரம் கொடுத்தாலும் வாசிப்பு அதனால் மட்டும் முன்னேறாது. எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக, நேரடியாக, பழையதைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டு கற்பிப்பதுதான் பயிற்சி. அது மெதுவாக வேலை செய்யும், நாளைக்கு இருக்கும் தேர்வுக்கு உதவாது.

‘சலுகை’ என்ற சொல்லே சரியில்லை. யாரோ இரக்கப்பட்டுக் கொடுப்பதுபோல ஒலிக்கிறது. 2006-இல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை, 24-ஆம் பிரிவில், கல்வியில் ‘நியாயமான ஏற்பாடு’ செய்து தருவதை அரசுகளின் கடமையாக வைக்கிறது. வழக்கில் இருப்பது சலுகை என்ற சொல் என்பதால் இங்கும் அதையே பயன்படுத்துகிறோம். பள்ளியிடம் கேட்கும்போது மட்டும் கெஞ்சும் குரல் வேண்டாம்.

ஆகவே எந்த வழியைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள். இன்றைய பாடம் பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேரும்? வாசிப்பு, எழுத்து, கணக்கில் உள்ள இடைவெளியை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் யார் குறைக்கப் போகிறார்?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் வீட்டில் செய்ய வேண்டிய மூன்று அளவீடுகள்

மதிப்பீட்டு அறிக்கை கையில் இருந்தாலும் இவற்றைச் செய்து பாருங்கள். அறிக்கையில் இருப்பது சோதனை மதிப்பெண். உங்களுக்குத் தெரிய வேண்டியது, புதிய வகுப்பின் புத்தகத்தோடு பிள்ளை எப்படி மோதப் போகிறது என்பது.

முதலாவது வாசிப்பு. ஆறாம் வகுப்பு அறிவியல் அல்லது சமூக அறிவியல் புத்தகத்தில் பிள்ளை முன்பு பார்க்காத ஒரு பக்கத்தில் 100 சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உரக்க வாசிக்கச் சொல்லி, பிழைகளை எண்ணுங்கள். தானே திருத்திக்கொண்டதைப் பிழையாக எண்ண வேண்டாம். 5 பிழைகள்வரை என்றால் அந்தப் புத்தகத்தைப் பிள்ளை தனியாகவே வாசிக்கும். 6 முதல் 10 என்றால் பக்கத்தில் ஆள் வேண்டும். 10-க்கு மேல் போனால் சொல்லை உடைத்து வாசிப்பதிலேயே சக்தி தீர்ந்துவிடும், பொருள் உள்ளே போகாது. இது தோராயக் கணக்குதான். எழுத்தும் ஒலிப்பும் முரண்படும் ஆங்கிலத்தில் இது நன்றாக வேலை செய்யும். ஃபின்னிஷ், இத்தாலியம் போல எழுதியபடியே ஒலிக்கும் மொழிகளில் டிஸ்லெக்சியா பிழையாக வெளிப்படுவதைவிட வேகக் குறைவாக வெளிப்படுவதுதான் அதிகம். பிழையில்லாமல் வாசிக்கிறது என்று நிம்மதியடைந்துவிடாமல் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே வயதுள்ள இன்னொரு பிள்ளை எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் போல இரு மடங்கு ஆனால், வீட்டுப்பாடமும் இரு மடங்கு நேரம் எடுக்கும்.

இரண்டாவது கேட்டல். அதே புத்தகத்தில் வேறொரு பகுதியை நீங்கள் வாசித்துக் காட்டி ஐந்து கேள்விகள் கேளுங்கள். கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் முன்வைத்த ஒரு எளிய சமன்பாடு உண்டு: வாசித்துப் புரிதல் என்பது சொல்லை வாசிக்கும் திறனும் மொழியைக் கேட்டுப் புரியும் திறனும் பெருக்கினால் கிடைப்பது. பெருக்கல் என்பதால் இரண்டில் ஒன்று குறைந்தாலும் விடை சரிந்துவிடும். கேட்டால் நன்றாகப் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால் ஒலிவடிவப் புத்தகம் பெரிய உதவியாக இருக்கும். கேட்டாலும் புரியவில்லை என்றால் ஒலிவடிவம் மட்டும் போதாது. சொற்களஞ்சியம், வாக்கிய அமைப்பு ஆகியவற்றிலும் பயிற்சி வேண்டும்.

மூன்றாவது எழுத்து. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் பதில் சொல்ல வைத்து அலைபேசியில் பதிவு செய்யுங்கள். அதே பதிலைப் பத்து நிமிடத்தில் எழுதச் சொல்லுங்கள். பேச்சில் எட்டுக் கருத்து, தாளில் இரண்டு என்றால், தடை கையிலும் எழுத்துக்கூட்டலிலும் இருக்கிறது. இந்த இடைவெளிதான் எழுதுவதற்கு ஆள் வேண்டுமா, தட்டச்சு வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும்.

எதை வைத்து எடைபோடுவது

வாரத்தில் உண்மையாக நடக்கும் பயிற்சி நேரம் முதல் அளவுகோல். அறிவிப்பில் எழுதியிருக்கும் நேரத்தை நம்ப முடியாது. பொதுப் பாட அறிவு தடைபடாமல் போகிறதா என்பது இரண்டாவது. வாசிப்பைச் சரிசெய்யும் மும்முரத்தில் இரண்டு ஆண்டு அறிவியலை இழந்த பிள்ளைக்கு, எட்டாம் வகுப்பில் வாசிக்க வந்தாலும் பாடம் புரியாது. ஏற்பாட்டை எத்தனை ஆசிரியர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும், பொறுப்பு யாருடையது என்பது மூன்றாவது.

நான்காவதைப் பெற்றோர் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்: பிள்ளை அதைப் பயன்படுத்துமா? பதினொன்று, பன்னிரண்டு வயதில் மற்றவர்கள் முன் வித்தியாசமாகத் தெரிவது பெரிய வேதனை. எல்லோரும் பார்க்கத் தனி அறைக்கு எழுந்து போவதைவிடத் தேர்வில் தோற்பதே மேல் என்று முடிவெடுக்கும் பிள்ளைகள் உண்டு. பயன்படுத்தாத சலுகை எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. பள்ளியைப் பார்க்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், முடிவில் அதன் குரலும் இருக்கட்டும்.

மாலை நேரத்தில் வீட்டில் இருப்பவர்களின் தெம்பு, வேண்டாம் என்றால் திரும்பி வரும் வழி ஆகிய இரண்டையும் சேர்த்தால் ஆறு.

| அளவுகோல் | பொது வகுப்பு, சலுகை மட்டும் | பொது வகுப்பு, தனி நேரம் | தனிப் பள்ளி | வீட்டுக் கல்வி |
|---|---|---|---|---|
| பயிற்சி நேரம் | இல்லை. வெளியே ஏற்பாடு செய்ய வேண்டும் | வாரம் 2 முதல் 3 மணி, முழுதாக நடந்தால் | தினமும் | கற்பிப்பவர் யார் என்பதைப் பொறுத்தது |
| பொதுப் பாடம் | முழுமையாக | எந்தப் பாடவேளையில் அழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது | தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் பாடங்கள் குறைவு | பெற்றோரின் திட்டத்தைப் பொறுத்தது |
| பொறுப்பாளர் | நடைமுறையில் பெற்றோர் | சிறப்பு ஆசிரியர் | பள்ளி முழுதும் | பெற்றோர் |
| பிள்ளையின் கூச்சம் | வெளியே தெரியும் சலுகைகளில் அதிகம் | எழுந்து போகும்போது அதிகம் | மிகக் குறைவு | இல்லை, ஆனால் தனிமை |
| வீட்டுச் சுமை | அதிகம் | நடுத்தரம் | குறைவு, பயண நேரம் தவிர | மிக அதிகம் |
| திரும்பும் வழி | எளிது | எளிது | முன்கூட்டியே திட்டம் வேண்டும் | கால வரம்பு வைத்தால் எளிது |

வழி 1: பொது வகுப்பு, சலுகைகள் மட்டும்

பெரும்பாலான பள்ளிகளில் உடனே கிடைக்கக்கூடியது இதுதான். வகுப்பு மாறாது, பாடம் குறையாது, நண்பர்கள் அப்படியே. சலுகைகளைப் பொறுத்தவரை, நுணுக்கம் தெரியாமல் கேட்டால் பெயருக்குக் கிடைக்கும், பயன் இருக்காது.

கூடுதல் நேரத்தை எடுத்துக்கொள்வோம். கால் பங்கு கூடுதல் என்றால் 60 நிமிடத் தேர்வு 75 நிமிடம். அந்த 15 நிமிடம் எங்கிருந்து வருகிறது? இடைவேளையிலிருந்து எடுத்தால் பிள்ளை ஓய்வே இல்லாமல் அடுத்த வகுப்புக்குப் போகும். அடுத்த பாடவேளையிலிருந்து எடுத்தால் அந்தப் பாடம் போச்சு. இதை முதல் தேர்வுக்கு முன்பே பேசி முடிவுசெய்ய வேண்டும். மெதுவாகவேனும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் கூடுதல் நேரம் உதவும் என்பதையும் நினைவில் வையுங்கள். சொற்களையே வாசிக்க முடியாத பிள்ளைக்கு அது கூடுதல் நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது. வினாத்தாளை வாசித்துக் காட்ட ஆள்தான் தேவை.

கணினி வாசித்துக் காட்டும் மென்பொருள் அடுத்தது. இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு, பாடக்குறிப்புகளைப் புகைப்படமாக எடுத்து அனுப்புவது. படமாக இருக்கும் பக்கத்தை, அதிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி இல்லாத மென்பொருளால் வாசிக்க முடியாது. பத்தி பத்தியாக இரண்டு நிரலில் அச்சான பக்கத்தை அது குறுக்காக வாசித்துக் குழப்பும், கணக்குக் குறிகளில் தடுக்கி விழும். எந்தப் புத்தகம் எழுத்து வடிவில் கிடைக்கும் என்பதைப் பள்ளி திறப்பதற்கு முன்பே கேட்டு வாங்கி, வீட்டில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

எழுதுவதற்கு ஆள் வைப்பதும் பழக்கத்தில்தான் வரும். வரிசையாகச் சொல்வது, நிறுத்தக்குறியைச் சொல்வது, சொன்னதை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்பது என எல்லாவற்றுக்கும் ஐந்தாறு ஒத்திகையாவது வேண்டும். நேராகத் தேர்வு நாளில் புது ஆளோடு உட்கார வைத்தால் பிள்ளை வாயே திறக்காது. தட்டச்சும் இப்படித்தான். கையால் எழுதும் வேகத்தைத் தாண்டும்வரை மடிக்கணினி இன்னொரு சுமை. விடுமுறையில் தினம் 15 நிமிடம் என்று தொடங்கினால் பள்ளி திறக்கும்போது ஓரளவு கைகொடுக்கும்.

சலுகைகளில் ஓசைப்படாதவை நீடிக்கின்றன. அச்சிட்ட குறிப்பை வகுப்பு முழுக்கக் கொடுப்பது, கணக்கில் ஒற்றைப்படை எண்ணுள்ளவற்றை மட்டும் செய்யச் சொல்வது, முன்னறிவிப்பில்லாமல் உரக்க வாசிக்கச் சொல்லாமல் இருப்பது ஆகியவை யார் கண்ணிலும் படாது. கடைசியாகச் சொன்னது ஒன்று மட்டும் நிச்சயம் கிடைத்தாலே பல பிள்ளைகளின் காலை வயிற்றுவலி நின்றுவிடும்.

மறைவான செலவு மாலையில் வருகிறது. பகலில் பிடிபடாதது எல்லாம் வீட்டுக்கு வரும். ஆறேழு ஆசிரியர்களிடமும் பேசுவது, மாற்றல் ஆகி வருபவரிடம் மீண்டும் முதலிலிருந்து சொல்வது என்று பெற்றோரில் ஒருவர் சம்பளமில்லாத ஒருங்கிணைப்பாளர் ஆகிவிடுவார். குறும்பு செய்யாத, அமைதியான பிள்ளைகள் இந்த ஏற்பாட்டில்தான் அதிகம் தொலைந்துபோகிறார்கள். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை.

இது யாருக்குப் பொருந்தும்: 100 சொல் வாசிப்பில் 5 பிழைக்குள் நிற்கும் பிள்ளைக்கு, தடை கையெழுத்தில் மட்டும் இருப்பவர்களுக்கு, தொடக்கப் பள்ளியிலேயே நல்ல பயிற்சி முடித்தவர்களுக்கு, அல்லது பள்ளிக்கு வெளியே தேர்ந்த ஒருவரிடம் பயிற்சி ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பவர்களுக்கு.

வழி 2: பொது வகுப்பு, சிறப்பு ஆசிரியரிடம் தனி நேரம்

சரியாக நடந்தால் நான்கில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏற்றது இதுதான் என்பது எங்கள் கருத்து. சரியாக நடக்காமல் போகும் வாய்ப்பும் இதில்தான் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

வாரத்துக்கு நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் 40 நிமிடம், 36 வாரம் என்றால் ஆண்டுக்கு 96 மணி நேரம். நல்ல அளவு. இப்போது கழிக்கத் தொடங்குங்கள். விழா ஒத்திகை, தேர்வு வாரம், விளையாட்டு நாள். விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாகச் சிறப்பு ஆசிரியரை அனுப்புவது. மூன்றில் ஒரு பங்கு இப்படிப் போனால் மிச்சம் 64 மணி நேரம். எனவே வாரத்துக்கு எத்தனை அமர்வு என்று கேட்காமல், போன மாதம் எத்தனை அமர்வு நடந்தது, பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பதிவேடே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

அமர்வில் என்ன நடக்கிறது என்பது அடுத்தது. பள்ளி திறந்த சில வாரத்தில் அந்த அறை வீட்டுப்பாடம் முடிக்கும் இடமாக மாறிவிடுவது வழக்கமான சறுக்கல். நாளைக்குச் சமர்ப்பிக்க வேண்டியது அவசரமாகத் தெரியும், எழுத்து ஒலிப் பயிற்சி அவசரமாகத் தெரியாது. பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் அன்றைக்கு மகிழ்ச்சி. ஆண்டு முடிவில் வாசிப்பு அதே இடத்தில் நிற்கும். நான்கில் மூன்று அமர்வு பயிற்சிக்கு மட்டும், ஒன்று பாட உதவிக்கு என்று எழுத்தில் பிரித்துக்கொள்வது நல்லது. ஒரு குழுவில் ஒரே மட்டத்தில் உள்ள மூன்று பேர்வரை இருந்தால் பயிற்சி என்று சொல்லலாம். வேறு வேறு வகுப்பிலிருந்து எட்டுப் பேர் என்றால் அது மேற்பார்வை.

எந்தப் பாடவேளையிலிருந்து அழைக்கிறார்கள்? கணக்கு, அறிவியல் நேரத்தில் அழைத்தால் பாடம் போகும். ஓவியம், இசை, விளையாட்டு நேரத்தில் அழைப்பது பள்ளிக்கு வசதி. ஆனால் நாள் முழுக்கத் தோற்கும் பிள்ளை ஜெயிக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம். அதைப் பிடுங்கினால் சிறப்பு அறையின் மீதே வெறுப்பு வரும், வெறுப்போடு உட்காரும் பிள்ளைக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. கூடுதல் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு வாங்கிய பிள்ளைக்கு அந்த நேரம் இயல்பாகவே கிடைக்கும். சுயபடிப்பு நேரம், நூலக நேரம் அடுத்த நல்ல வாய்ப்பு. பள்ளி தொடங்கும் மணிக்கு முன்பு வரச் சொல்வது பெரியவர்களுக்கு நல்ல தீர்வாகத் தோன்றும். தூக்கக் கலக்கத்தில் வரும் பிள்ளைக்கு அப்படித் தோன்றாது.

சில பள்ளிகளில் சிறப்பு ஆசிரியர் பொது வகுப்புக்குள்ளேயே வந்து இரண்டாவது ஆசிரியராக நிற்பார். கூச்சம் குறையும், பாடமும் போகாது. ஆனால் அது பெரும்பாலும் பாட உதவிதான். வாசிப்பில் இரண்டு ஆண்டு பின்தங்கிய பிள்ளைக்கு அது மட்டும் போதாது.

பள்ளியைப் பற்றி ஒரு எளிய அறிகுறி. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 நோயறிதல் கையேடு, பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்குக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருப்பதாகக் கணக்கிடுகிறது. 30 பேர் வகுப்பில் இரண்டு முதல் நான்கு பேர். ‘எங்கள் பள்ளியில் அப்படிப்பட்ட பிள்ளைகளே இல்லை’ என்று பெருமையாகச் சொல்கிற பள்ளியில் அவர்களை யாரும் கண்டுபிடிக்கவில்லை, அல்லது வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இது யாருக்குப் பொருந்தும்: 100 சொல்லில் 6 அல்லது அதற்கு மேல் பிழை, அல்லது வேகம் பாதி, ஆனால் கேட்டுப் புரிதல் நன்றாக உள்ள பிள்ளைக்கு. வழி 1-இல் சொன்ன சலுகைகளும் இதோடு சேர்ந்தே வர வேண்டும். தனி அறை கொடுத்துவிட்டோம், இனி கூடுதல் நேரம் எதற்கு என்று கேட்பவர்களிடம் சலுகைக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லுங்கள்.

வழி 3: கற்றல் குறைபாட்டுக்கென்றே உள்ள பள்ளி

சிறிய வகுப்பு, எல்லா ஆசிரியர்களுக்கும் விஷயம் தெரியும், யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். எல்லோரும் மெதுவாக வாசிக்கும் அறையில் மெதுவாக வாசிப்பது வெட்கமில்லை. பல ஆண்டுகளாக ‘சோம்பேறி’ என்று கேட்டே வளர்ந்த பிள்ளை முதல் மாதத்திலேயே நிமிர்ந்து உட்காரும். இந்த லாபத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

செலவுகள் வேறிடத்தில். இத்தகைய பள்ளிகள் குறைவு என்பதால் பயணம் நீளும். ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் என்றால் வாரத்துக்குப் பத்து மணி நேரம். விளையாட்டும் தூக்கமும் அதிலிருந்துதான் போகும். அக்கம்பக்கத்து நண்பர்கள் நழுவுவார்கள். அறிவியல் ஆய்வகம், கூடுதல் மொழி, உயர் கணக்கு இல்லாமல் இருக்கலாம். பிள்ளைக்கு அதில் ஆர்வம் இருந்தால் பின்னால் வலிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வெளியே வரும் வழி. இரண்டு மூன்று ஆண்டு தீவிரப் பயிற்சி கொடுத்துப் பொதுப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பும் பள்ளியும் உண்டு, கடைசிவரை வைத்துக்கொள்ளும் பள்ளியும் உண்டு. எது என்பதைச் சேர்க்கும் முன் தெரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும்: கடைசியாக வெளியேறிய பத்துப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? எண்ணிக்கையோடு பதில் வந்தால் நம்பலாம். இங்கே நடத்தும் பாடத்திட்டத்துக்கும் பின்னால் எழுத வேண்டிய பொதுத் தேர்வுக்கும் உள்ள பொருத்தத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். வெவ்வேறு வகைக் குறைபாடுள்ள எல்லோரையும் ஒரே அறையில் வைத்துப் பாடத்தை மிக எளிதாக்கிவிட்டால், கூர்மையாக யோசிக்கும் டிஸ்லெக்சியா பிள்ளை சலித்துப்போகும். வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி, தனி எழுத்துருவை முதன்மைச் சிகிச்சையாக விளம்பரம் செய்யும் இடங்களிலிருந்து விலகி நில்லுங்கள். வண்ண வில்லைகளும் கண் பயிற்சியும் டிஸ்லெக்சியாவைச் சரிசெய்யும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009-இல் கூட்டாக அறிவித்திருக்கின்றன.

இது யாருக்குப் பொருந்தும்: 100 சொல்லில் பத்துக்கு மேல் பிழை, அதோடு தனி நேரம் ஓராண்டாவது ஒழுங்காக நடந்தும் அசைவில்லை என்ற நிலை. அல்லது பள்ளி என்றாலே நடுங்கும் அளவுக்கு மனம் உடைந்திருப்பவர்களுக்கு.

வழி 4: சில காலம் வீட்டுக் கல்வி

இதை நிரந்தர ஏற்பாடாகப் பார்ப்பதைவிட ஒரு பாலமாகப் பார்ப்பது நல்லது. கேலியால், பதற்றத்தால் பள்ளிக்கே போக மறுக்கும் பிள்ளைக்கு ஒரு பருவம் மூச்சு விட இடம் கொடுக்கும். ஆனால் வாசிப்புப் பயிற்சிக்குத் தேர்ந்தவர் அப்போதும் வேண்டும். அன்பு அந்தத் திறமைக்கு ஈடாகாது. பெரியவர் ஒருவரின் வேலை நேரம் முழுதாகப் போகும். அம்மா அல்லது அப்பாவே நாள் முழுக்க ஆசிரியராகவும் இருந்தால், திருத்துகிற குரல் தவிர வேறு குரலே பிள்ளைக்குக் கேட்காமல் போகலாம். தொடங்கும் நாளிலேயே முடியும் தேதியையும் எழுதி வைத்து, அதற்குள் சேரப்போகும் பள்ளியோடு பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

‘இன்னொரு வருடம் அதே வகுப்பில்’

இதை ஐந்தாவது வழியாகப் பலர் சொல்வார்கள். முன்பு பலன் தராத கற்பித்தலையே மறுபடி கொடுப்பதால் வாசிப்பு திறந்துவிடாது. முதல் சில மாதம் பாடம் பழக்கமானது என்பதால் மதிப்பெண் ஏறும், பிறகு பழைய இடத்துக்கு வரும். தோழர்கள் மேலே போன வலி மட்டும் தங்கும். கற்பிக்கும் முறை மாறுகிறது என்ற உறுதி இல்லாமல் இதை ஏற்க வேண்டாம்.

இரண்டு வழிகளுக்கு நடுவே நிற்கிறீர்களா

1-க்கும் 2-க்கும் இடையில் என்றால் 2. தேவையில்லை என்று தெரிந்தால் தனி நேரத்தைப் பாதி ஆண்டில் விடலாம். தேவை என்று பாதி ஆண்டில் தெரிந்தால் இடம் கிடைப்பது கடினம். 2-க்கும் 3-க்கும் இடையில் என்றால் மேலே கேட்ட பதிவேட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நன்றாக நடக்கும் தனி நேரம் கையில் இருக்க, தொலைவில் உள்ள தனிப் பள்ளிக்கு ஓட வேண்டியதில்லை. பெயருக்கு நடக்கும் தனி நேரத்தில் இரண்டு ஆண்டு கழிவது, சேராமல் இருப்பதைவிட மோசம், ஏனென்றால் ஏதோ நடக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

சொல்லாமல் சேர்த்துவிட்டு, புது இடத்தில் புதுத் தொடக்கமாக இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆசை புரிகிறது. ஆனால் முதல் தேர்வில் சரிந்த பிறகு சொன்னால், ஆசிரியர் மனதில் ‘கவனமில்லாத பிள்ளை’ என்ற படம் முன்பே பதிந்திருக்கும், அதை அழிப்பது கடினம். பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். இருபது பக்க அறிக்கையைப் பாட ஆசிரியர் யாரும் வாசிப்பதில்லை. அந்தப் பக்கத்தில் நன்றாக வருபவை மூன்று, தடுமாறுபவை மூன்று, உதவுபவை நான்கு, செய்யவே கூடாதவை இரண்டு. பிள்ளையே தன் வாயால் சொல்லி நீங்கள் எழுதியதாக இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு பாட ஆசிரியருக்கும் ஒரு படி, புதிதாக வருபவர்களுக்காக அலுவலகத்தில் ஒன்று. மதிப்பீட்டு அறிக்கை மூன்று ஆண்டுக்கு மேல் பழையது என்றால், புதுப்பிக்கக் கேட்கிறார்களா என்று முன்கூட்டியே விசாரியுங்கள், மதிப்பீட்டுக்கு நாள் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம்.

முடிவெடுத்த பிறகு அளந்துகொண்டே இருக்க வேண்டும். வாரத்தில் ஒரே நாளில், ஒரே மட்டத்திலுள்ள புதிய பகுதியை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களைக் கட்டத் தாளில் புள்ளியாக வையுங்கள். எட்டுப் பத்துப் புள்ளி சேரும்வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரு வாரம் ஏறும், அடுத்த வாரம் இறங்கும். பத்துப் புள்ளிக்குப் பிறகும் கோடு படுத்தே கிடந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பொறுப்பாசிரியரைப் பாருங்கள்: அமர்வு எண்ணிக்கையைக் கூட்டலாமா, குழுவைச் சிறிதாக்கலாமா, கற்பிக்கும் முறையை மாற்றலாமா? தாளின் பின்பக்கத்தில் வீட்டுப்பாடம் முடிந்த நேரத்தையும் தினமும் குறித்துவையுங்கள். பள்ளி எவ்வளவு வேலையை வீட்டுக்குத் தள்ளுகிறது என்பது அதில் தெரியும்.